வேறு வாசலுக்குப் போன சீர்

2025 ஜனவரி 12, ஞாயிறு. காலை 5.10க்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை வைத்து ஒரு பூசணிப்பூ செருகினேன். 6.05க்கு நகராட்சித் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் ஒன்பது குடமும் நிறைந்தன. 7.20க்கு என் கணவர் மில்லுக்குக் கிளம்பினார். நூற்பாலையில் அவருக்கு வார விடுமுறை புதன்கிழமை. எனக்கு ஞாயிறு. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பதிவேடுகள் என் பொறுப்பு. எந்தச் சுருள் எந்தத் தேதியில் எந்தப் பெட்டியில் போனது என்று எழுதி எழுதி, வீட்டிலும் நேரம் போட்டு நாட்குறிப்பு எழுதுவது பழகிவிட்டது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒரு நாள் விட்டதில்லை.

அன்றைய பக்கத்தில் அடுத்த வரி: "8.00. தம்பிக்குச் சமையல்."

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சீர் கொண்டு வருவான். முதல் இரண்டு வருஷம் அப்பாவோடு வந்தான். அப்பா போன பிறகு தனியாக வந்தான். தனக்குக் கல்யாணமான பிறகு மனைவியோடு வந்தான். ஒரு பானை, பச்சரிசி, வெல்லம், காய்கறி, தேங்காய், வாழைத்தார், மஞ்சள் குலை, ஐந்து கரும்பு, எனக்கு ஒரு சேலை. பதினொரு மணிக்கு வந்து இறக்குவான். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஒரு மணி நேரம் தூங்குவான். நாலு மணிக்குக் காபி குடித்துவிட்டுப் போவான். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனாலும் அவனுக்கு எலக்ட்ரிக்கல் கடை, எனக்கு வேலை. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பார்த்துக்கொள்வோம். என் வீட்டுக்கென்று அவன் வருவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

10.40க்குப் போன் வந்தது.

"அக்கா, என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"உனக்குத்தான் கத்தரிக்காப் புளிக்குழம்பு கொதிக்குது. எங்க வந்துக்கிட்டு இருக்க?"

"வரலைக்கா. இந்த வருஷம் நீ சொன்னதைச் செஞ்சுட்டேன்."

"நான் என்னல சொன்னேன்?"

"வருஷா வருஷம் சொல்லுவியேக்கா. எனக்கு எதுக்குல இம்புட்டு, இல்லாதவுகளுக்குக் குடுத்தாப் புண்ணியமாப் போகும்னு. நேத்து சாயங்காலம் குடுத்துட்டோம். முழுச் சீரும். ஒண்ணு குறைக்கல."

"யாருக்கு?"

"இங்க ஒரு பொண்ணு. ஸ்கூல் சத்துணவுக் கூடத்துல வேலை பாக்குது. ஹோம்ல வளந்த பிள்ளை, பொறந்த வீடுன்னு ஒண்ணு கிடையாது. உன் பேரைச் சொல்லித்தான் குடுத்தோம்."

குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அடுப்பைக் குறைத்தேன்.

"நல்ல காரியம் பண்ணியிருக்க" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

"எனக்குத் தெரியும், நீ சந்தோஷப்படுவேன்னு. சரிக்கா, கடையில ஆளு நிக்கி, பொறவு பேசறேன்."

போனை வைத்தபோது மணி 10.43. அப்பளம் பொரிக்க எண்ணெய் ஊற்றி வைத்திருந்தேன். அதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றினேன்.

மாடியில் என் ஓரகத்தி இருக்கிறாள். என் கணவரின் தம்பி மனைவி. அவளுக்கு மூன்று அண்ணன்மார். அவளுடைய சீர் சனிக்கிழமையே லோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டது. கரும்புக் கட்டை மாடிப்படியின் கைப்பிடியில் சாய்த்து வைத்திருந்தாள். ஏறி இறங்கும் யார் கண்ணிலும் படாமல் இருக்காது. பதினொன்றே காலுக்கு அவள் கருவேப்பிலை கேட்டுக் கீழே வந்தாள். அவள் வீட்டு மொட்டை மாடியிலேயே கருவேப்பிலைச் செடி இருக்கிறது.

"என்னக்கா, இன்னும் தம்பி வண்டியக் காணோம்?"

"இந்த வருஷம் சீரை ஏழைப்பட்ட ஒரு பொண்ணுக்குக் குடுக்கச் சொல்லிட்டேன்."

"அப்படியாக்கா! பெரிய மனசுதான்." கருவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னாள். "எங்க அண்ணன்மாருக்கு இதெல்லாம் தெரிய மாட்டேங்குது. தங்கச்சிக்குச் சீர் குடுக்காட்டி அவிங்களுக்குச் சோறு எறங்காது. நான் என்ன செய்ய, சொல்லுங்க."

"குடுத்து வச்சவ."

"அப்ப தம்பி சாப்பிடவும் வரலையா?" அடுப்பு மேடையைப் பார்த்துக் கேட்டாள். அங்கே பருப்புப் பாயசமும், நாலு பேருக்கான சோறும் இருந்தன.

"நான்தான் அங்க கொண்டு போறேன்" என்றேன். அந்த நிமிஷம் வரை அப்படி ஓர் எண்ணம் எனக்கு இல்லை.

அவள் போன பிறகு பீரோவைத் திறந்தேன். தம்பி சொன்னது உண்மைதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. பழைய நாட்குறிப்புகள் வருஷ வரிசையில் கீழ்த்தட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஜனவரிப் பக்கத்தை மட்டும் பிரித்தேன். சீர் வந்த பொங்கல் இருபத்தேழு. அவற்றில் பத்தொன்பதில், "எதற்கு இதெல்லாம், இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமே என்றேன்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மீதி எட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருப்பேன்.

எங்கள் பக்கம் சீரை வாங்குகிறவள் அப்படித்தான் சொல்ல வேண்டும். பொருளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தால் ஆசைக்காரி என்று பேர் வரும். "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கி உள்ளே வைக்க வேண்டும். கொண்டு வந்தவன், "அட வைக்கா" என்று சொல்ல வேண்டும். அம்மா அப்படித்தான் தன் அண்ணனிடம் சொன்னாள். ஓரகத்தியும் அப்படித்தான் சொல்கிறாள். நான் மட்டும் அதோடு புண்ணியத்தையும் சேர்த்துச் சொல்லி வந்திருக்கிறேன். ஊரில் எந்தத் தம்பியும் இதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வதில்லை. என் தம்பி இருபத்தெட்டாவது வருஷத்தில் எடுத்துக்கொண்டான்.

12.25க்கு பஸ் ஏறினேன். மடியில் நாலு அடுக்கு டிபன் கேரியர். வழியெல்லாம் கரும்பு வண்டிகள். முன் சீட்டில் ஒருத்தி புதுப்பானையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாள். எனக்குள் ஒரே ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது: அந்தச் சேலை பச்சையாக இருக்க வேண்டும். தம்பிக்குச் சேலைக்கடையில் பச்சை தவிர வேறு நிறம் கண்ணில் படாது. என் பீரோவில் அவன் எடுத்த பச்சை மட்டும் பதினொன்று இருக்கிறது. அவளுக்கும் பச்சையைக் கொடுத்திருந்தால், ஏதோ என் கணக்கில் வர வேண்டியது கைமாறிப் போயிற்று என்று விட்டுவிடலாம்.

தம்பி வீட்டில் என்னைப் பார்த்ததும் அவன் மனைவி வாசலுக்கே ஓடி வந்தாள்.

"வாங்க மதினி! இப்பத்தான் பக்கத்து வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தேன், எங்க மதினி மனசு யாருக்கு வரும்னு."

தம்பி டிபன் கேரியரை வாங்கித் திறந்து பார்த்தான். "புளிக்குழம்பை விட மனசில்லாம தூக்கிக்கிட்டு வந்துட்டியாக்கா?" என்று சிரித்தான். அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஆனாலும் எனக்காக இரண்டு கரண்டி சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டான். அடிப்பிடித்த வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே கதையைச் சொன்னான். பள்ளிக்கூடத்துக் கிரைண்டரைப் பழுது பார்க்க அந்தப் பெண் கடைக்கு வந்திருக்கிறாள். மார்கழிக் கடைசி. வேலை முடிகிற வரை தம்பி மனைவியோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "பொங்கல் வந்தா எனக்குக் காய்ச்சல் வந்துரும் அண்ணாச்சி" என்று சொன்னாளாம். அவள் வாழ்க்கைப்பட்டது மூன்று மருமகள்கள் இருக்கும் வீடு. மற்ற இரண்டு பேருக்கும் சீர் வந்து இறங்கும். அவள் அந்த இரண்டு நாளும் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொள்வாளாம்.

"நீ சொல்லிக்கிட்டே இருந்தது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு" என்றான். "வாக்கா, நீயே வந்து பாரு. இங்கன பக்கம்தான்."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குச் சேலையைப் பார்க்க வேண்டியிருந்தது.

தம்பி வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். ரத வீதியைத் தாண்டி, இரண்டு சந்து திரும்பி, ஓட்டு வீடு. வாசலில் கரும்பு சாய்த்து வைத்திருந்தது. எண்ணினேன். ஏழு. எனக்கு எந்த வருஷமும் ஐந்துக்கு மேல் வந்ததில்லை. உள்ளே சுவரோரம் பானை, பித்தளை. எனக்கு எவர்சில்வருக்கு மாறிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மஞ்சள் குலையைப் பானைக்கழுத்தில் கட்டியே வைத்திருந்தாள், பொங்கலுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி. கையில் மாவு ஒட்டியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க அண்ணாச்சி, வாங்க. இவிய யாரு?"

"எங்க அக்கா. சொன்னேன்ல."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க சொல்லித்தான் அண்ணாச்சி செஞ்சாவளாமே. உங்களுக்கு எப்படி என்னைத் தெரியும்?"

"எனக்குத் தெரியாது" என்றேன். அது கடுமையாக விழுந்திருக்க வேண்டும். தம்பி என்னைப் பார்த்தான்.

அவளுடைய மாமியார் கட்டிலில் இருந்தபடியே பேசினாள். "நல்லா இருப்பீக. என் மருமகளுக்கும் பொறந்த வீடு இருக்குன்னு நேத்து தெரு பூரா பாத்துச்சு. மூத்தவளுக்கு அஞ்சு கரும்புதான். இவளுக்கு ஏழு. மூத்தவ ராத்திரி சாப்பிடவே இல்ல."

"அத்தே, சும்மா இருங்க" என்றாள் இவள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் பார்த்திராத அந்த மூத்த மருமகளிடம் எனக்கு ஒரு பிரியம் வந்தது.

"சேலை எடுத்துக் காட்டேன் அக்காவுக்கு" என்றான் தம்பி.

அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கடைப் பையோடு எடுத்து வந்தாள். பிரித்தாள். அரக்கு நிறம். கடுகு மஞ்சளில் சின்னக் கரை, கரைக்கு மேல் ஒற்றைக் கோடு. பல வருஷமாக நான் கடைகளில் கையால் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடும் சேலை அது. நாமாக எடுத்துக்கொண்டால் அது சீர் ஆகாது என்று எடுக்காமல் விட்டது.

"அண்ணாச்சியும் மதினியும் என்னையே கடைக்குக் கூட்டிட்டுப் போனாவக்கா. என்ன கலர் பிடிக்கும்னு கேட்டாவ. எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல. எனக்கு வாயே வரல. பொறவு அரக்குன்னு சொன்னேன்."

என்னிடமும் அவன் கேட்டதில்லை. சேலையின் முந்தியைப் பிடித்துப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. "நல்லா இருக்கு" என்றேன். மடித்துக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

காபி கொடுத்தாள். அவள் பேசியதை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் கடைக்காரர் யாரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் உறவு ஒன்றும் இல்லை. அதுவரைக்கும் அவள் சொன்னதெல்லாம் அண்ணாச்சிதான். கிளம்பும்போது வாசல் வரை வந்து அவள் மாமியாரிடம் திரும்பிச் சொன்னாள்: "அத்தே, எங்கண்ணன் கிளம்புதாவ."

எங்கண்ணன்.

அதற்குமேல் இன்னொன்றும் சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் அண்ணனும் மதினியும் இங்கதான் சாப்பிடணும். சீர் கொண்டு வந்தவியளை நேத்து வெறும் காபியோட அனுப்பிட்டேன். மனசு கேக்கல. அக்கா, நீங்களும் வரணும்."

மதினி என்று அவள் சொன்னது என் தம்பி மனைவியை. ஒரே நாளில் அண்ணன், மதினி, விருந்து எல்லாம் ஆகிவிட்டது. என் வீட்டில் நாலு பேருக்கு வடித்த சோறு அப்படியே இருந்தது.

"எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

தம்பி, "வாரோம்மா, கண்டிப்பா வாரோம்" என்றான்.

பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டு வண்டியை ஸ்டாண்டு போட்டு நின்றான். 4.20. வழக்கமாக அந்த நேரத்துக்கு அவன் என் வீட்டிலிருந்து கிளம்பியிருப்பான்.

"என்னக்கா, ஒரு மாதிரி இருக்க? மனசுல எதுவும் வச்சுக்கிட்டியா?"

"எனக்கு என்ன. நல்ல காரியம்தான."

"அடுத்த வருஷமும் இப்படியே செய்யலாம்னு இருக்கேன்."

"செய்யி."

"சரின்னு சொல்லுத, மூஞ்சி சரியில்லையே."

"வெயில்ல வந்தது."

அவன் கொஞ்ச நேரம் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாத. நான் சீர் கொண்டாந்து நீ ஒரு தடவையாவது சந்தோஷமா வாங்கியிருக்கியா? உள்ள வச்சுட்டு எதுக்கு எதுக்குன்னே சொல்லுவ. சேலையப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்ட. உனக்கு அது ஒரு பாரம் போலன்னு நானும் இவளும் பேசிக்கிடுவோம். வந்து உன்னைச் சமைக்க வச்சு, தூங்கி எந்திரிச்சுப் போறது. நேத்து அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் நீட்டி வாங்குச்சு. வாங்கிட்டு அழுதிருச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிப் போச்சுக்கா."

"நீங்க போனப்பொறவு பிரிச்சுப் பாப்பேன்ல" என்று சொல்ல வாய் வந்தது. அவன் தெரு முனை திரும்புவதற்குள் நான் சேலையைப் பிரித்திருப்பேன். பச்சை என்று திட்டுவேன். பொங்கலன்று அதைத்தான் கட்டுவேன். அவன் பொங்கலன்று என் வீட்டுக்கு வந்ததில்லை. அதனால் அவனுக்கு அது தெரியாது.

ராஜபாளையம் பஸ் வந்துவிட்டது. "வாரேன்" என்று ஏறிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் பஸ் கிளம்பும் வரை நின்றான்.

திரும்பும் வழியில் நான் நல்லவளாக யோசித்துப் பார்த்தேன். பிறந்த வீடு இல்லாத ஒருத்தி இந்த ஒரு வருஷமாவது காய்ச்சல் இல்லாமல் பொங்கல் வைக்கப் போகிறாள். எனக்குப் பானை இருக்கிறது, அரிசி இருக்கிறது, பீரோ நிறையச் சேலை இருக்கிறது. இது தர்மம். இதைத்தான் நான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அரிசியும் பானையும் தர்மமாகப் போனால் அத்தோடு முடியும். சீராகப் போனால் அது வாங்கியவளைத் தங்கை ஆக்கிவிடும். தம்பி அதை யோசிக்கவில்லை. ஒரு லாரி அரிசியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கட்டும், நான் சந்தோஷப்பட்டிருப்பேன். கரும்பும் மஞ்சளும் சேலையும் சேர்த்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் ஏன் கொடுத்தான்?

அவள் கெட்டவளாக இருந்தாலாவது பரவாயில்லை. என் கையைப் பிடித்துக்கொண்ட விதத்தில் பொய் இல்லை. அதனால் பொறாமை இன்னும் கூடிற்று. 4.55க்கு ராஜபாளையத்தில் இறங்கும்போதும் அது இறங்கவில்லை.

என் கணவர் ஐந்தரைக்கு வந்தார். சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார்.

"உன் தம்பி சாப்பிடலையா? பத்துப் பேருக்கு மிச்சம் இருக்கு."

நடந்ததைச் சொன்னேன். மில்லில் நூல் அறுந்ததைக் கேட்பது போலப் பொறுமையாகக் கேட்டார்.

"ஏட்டி, சேலை வேணும்னா நாளைக்கு எடுத்துக்கிடுவோம். அதே அரக்கு."

"சேலை வேண்டாம்."

"பொறவு என்ன வேணும்?"

சோற்றில் தண்ணீர் ஊற்றினேன். அவர் கேட்டது நல்ல கேள்வி. ஏழு மணிக்கு நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தபோது அதற்குப் பதில் எழுத முயன்றேன். "தம்பி வரவில்லை" என்று எழுதினேன். அது நடந்த விஷயம், பதில் இல்லை. அதற்குக் கீழே, "அவளுக்கு ஏழு கரும்பு" என்று எழுதினேன். அதுவும் இல்லை. "நாளை மத்தியானம் அவன் அங்கே சாப்பிடுகிறான்" என்று எழுதியபோதுதான் பேனா நின்றது. எனக்குக் கரும்பு போனதில் வருத்தமில்லை என்று அந்த வரியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவளுக்குக் கை நீட்டத் தெரிந்திருக்கிறது, கூப்பிடவும் தெரிந்திருக்கிறது. சீர் வந்த மறுநாளே வாசலில் நின்று, சாப்பிட வரணும் என்று சொல்லிவிட்டாள். இருபத்தேழு வருஷத்தில் நான் அவனை வா என்று சொன்னதே இல்லை. அவன் வருவான், நான் எதற்கு என்பேன்.

ஜனவரி 13, திங்கள், போகி. 5.10க்கு எழுந்தேன். வாசல் தெளிக்கவில்லை, பால் பாக்கெட்டை எடுக்கவில்லை. முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் செய்தேன். நாலாவது ரிங்கில் எடுத்தான்.

"என்னக்கா இந்நேரத்துக்கு? யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. காலைல இங்க சாப்பிட வா. ரெண்டு பேரும்."

"இன்னைக்கா? மத்தியானம் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகணுமேக்கா."

"அதுக்கு முந்தி வா."

"கடை தொறக்கணும்."

"செத்த நேரம் கழிச்சுத் தொறக்கலாம். ஏலே, நீ வரணும்ல. எனக்கு வேணும்."

மத்தியானம் அந்த வீட்டில் அவனுக்குப் பசிக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

"எட்டரைக்கு வாரேன்க்கா" என்றான்.

"எட்டுக்கு வா" என்றேன்.